மர்ஃபியின் கூரையில் கானலியின் கொடி

டப்ளினில் இன்று ஓகானல் தெரு என்று அழைக்கப்படும் அகலமான வீதிக்கு 1916-ல் சாக்வில் தெரு என்று பெயர். வீதியின் ஒரு பக்கம் கல் தூண்கள் வைத்த பொது அஞ்சலகம். எதிரே கிளெரிஸ் என்ற பெரிய ஜவுளிக்கடை. அதன் மேல்மாடிகளில் இம்பீரியல் ஹோட்டல். கட்டடத்தின் முதலாளி வில்லியம் மார்ட்டின் மர்ஃபி. டப்ளின் டிராம் கம்பெனியும் அவர் கையில் இருந்தது, ஐரிஷ் இண்டிபெண்டன்ட் நாளிதழும் அவர் கையில் இருந்தது.

அந்த ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியாளர்கள் அஞ்சலகத்தைப் பிடித்துத் தலைமையகமாக்கியிருந்தார்கள். டப்ளின் படைகளுக்குத் தளபதியாக இருந்த ஜேம்ஸ் கானலி, எதிர்ப்பக்கத்து ஹோட்டலின் உச்சியில் ஒரு கொடியை ஏற்றச் சொன்னார். பச்சைத் துணியில் பொன்னிற ஏர், அதன் மேல் ஏழு நட்சத்திரங்கள், கொழு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வாள். நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டத்தை அயர்லாந்தில் ஏர் என்பார்கள். தொழிற்சங்கத்துக்காரர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட ஐரிஷ் குடிமக்கள் படையின் கொடி அது.

சண்டைக்கு நடுவே ஆளை அனுப்பி இன்னொரு கட்டடத்தில் கொடி ஏற்றுவதால் ராணுவ லாபம் ஒன்றும் கிடையாது. அது கானலிக்கும் தெரியும். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நாற்காலியில் தொடங்குவார்கள்: நிற்க முடியாத அளவுக்குக் காயம்பட்டிருந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற காட்சி. யாரையும் உலுக்கும் காட்சிதான். ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மனிதர் ஏன் அங்கே வந்து சேர்ந்தார் என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. எனக்கு நாற்காலியைவிட அந்தக் கொடி முக்கியமாகப் படுகிறது. மர்ஃபியின் கூரையில் அது ஏன் பறந்தது என்று தெரிந்தால் கானலியும் விளங்குவார்.

கானலி பிறந்தது அயர்லாந்தில் இல்லை. 1868 ஜூன் 5 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், கௌகேட் என்ற நெரிசலான சேரிப் பகுதியில் பிறந்தார். அயர்லாந்தின் பெரும் பஞ்சத்துக்குப் பின் பிழைக்க வந்த ஐரிஷ்காரர்கள் நிறைந்திருந்த இடம் அது. அப்பா ஜான், நகராட்சிக்காக இரவில் தெருச் சாணமும் குப்பையும் அள்ளும் வண்டிக்காரர். ஜேம்ஸ் பத்து, பதினொரு வயதிலேயே வேலைக்குப் போய்விட்டார். கடைசிவரை அவர் பேச்சில் ஸ்காட்லாந்து வாடை போகவே இல்லை. ஆனாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த ஊர் என்று அயர்லாந்தின் மோனகனையே எழுதிக்கொடுத்தார்.

இன்னொரு விஷயத்தையும் அவர் வெளியே சொன்னதில்லை. பதினான்கு வயதில் வயதைக் கூட்டிச் சொல்லி பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தார் என்பதே வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்பது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், பெரும்பகுதி அயர்லாந்திலேயே சிப்பாயாக இருந்துவிட்டு, காலம் முடியும் முன்பே படையை விட்டு ஓடிவந்துவிட்டார். வறுமை ஒரு ஐரிஷ் பையனைக் கொண்டுபோய் அவன் நாட்டை அடக்கிவைக்கும் படையின் சீருடைக்குள்ளேயே நிறுத்தும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பின்னாளில் உலகப்போருக்கு ஆள் சேர்க்கும்போது, வேலையைப் பறித்துப் பட்டாளத்துக்குத் தள்ளுவதை ‘பொருளாதாரக் கட்டாய ஆள்சேர்ப்பு’ என்று அவர் எழுதியதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

டப்ளினில் சிப்பாயாக இருந்தபோது பழக்கமானவர் லில்லி ரெனால்ட்ஸ், வீட்டு வேலை செய்துகொண்டிருந்த புராட்டஸ்டன்ட் பெண். 1890-ல் கல்யாணம். ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள். எடின்பரோவில் அப்பாவைப் போலவே வண்டி ஓட்டினார், செருப்புத் தைக்கும் கடை வைத்துப் பார்த்தார், கடை தேறவில்லை. இதற்கிடையில் சோஷலிஸ்ட் கூட்டங்களுக்குப் போய், தானாகவே படித்து, எழுதவும் பேசவும் தேறிவிட்டார்.

1896-ல் டப்ளின் சோஷலிஸ்டுகள் வாரம் ஒரு பவுண்டு சம்பளம் தருவதாகச் சொல்லி அவரை அழைத்தார்கள். மே மாதம் ஒரு மதுக்கடையில் எட்டுப் பேர் கூடி ஐரிஷ் சோஷலிஸ்ட் குடியரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். அந்தப் பவுண்டு பல வாரங்கள் வரவே இல்லை. குடும்பம் ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒற்றை அறையில் தங்கியது.

கட்சி சிறியது, ஆனால் அது முன்வைத்த யோசனை பெரியது. அயர்லாந்தில் அப்போது இரண்டு தரப்பு இருந்தது. தேசியவாதிகள் ‘முதலில் ஆங்கிலேயன் போகட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம்’ என்றார்கள். சோஷலிஸ்டுகள் பலர் ‘தேசியம் நம் விவகாரமே இல்லை’ என்றார்கள். கானலி இரண்டையும் மறுத்தார். 1897-ல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்னது இது: நாளைக்கே ஆங்கிலப் படையை விரட்டிவிட்டு ஆங்கில ஆட்சி நடக்கும் டப்ளின் கோட்டையில் பச்சைக் கொடியை ஏற்றினாலும், சோஷலிசக் குடியரசை அமைக்கத் தொடங்காவிட்டால் உங்கள் பாடெல்லாம் வீண். நிலக்கிழார்கள் மூலமும் முதலாளிகள் மூலமும் வணிக நிறுவனங்கள் மூலமும் இங்கிலாந்து உங்களைத் தொடர்ந்து ஆளும்.

அதே ஆண்டு விக்டோரியா ராணியின் அறுபதாம் ஆட்சியாண்டு விழா வந்தது. கானலி ‘பிரிட்டிஷ் பேரரசு’ என்று எழுதிய சவப்பெட்டி ஒன்றைத் தயார் செய்து டப்ளின் தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டுபோனார். மாட் கான் போன்ற தேசியவாதிகளும் கூட வந்தார்கள். பாலத்தருகே போலீஸ் தடியடி தொடங்கியதும் பெட்டியை லிஃபி ஆற்றில் தூக்கி எறியச் சொல்லி, பிரிட்டிஷ் பேரரசு நரகத்துக்குப் போகட்டும் என்று கத்தினார். அன்று ராத்திரி லாக்கப்பில் கழிந்தது. பேரரசு என்று அவர் சொன்னபோது அயர்லாந்து மட்டும் அவர் மனதில் இல்லை. 1908-ல் நியூயார்க்கில் நடத்திய ‘ஹார்ப்’ என்ற பத்திரிகையில், இந்தியாவில் வரப்போகும் கிளர்ச்சியைப் பற்றியும் அதன் அரசியல், சமூகக் காரணங்களைப் பற்றியும் எழுதினார்.

நியூயார்க்குக்கு அவரைக் கொண்டுபோனதும் வறுமைதான். கட்சி உடைந்து, கையில் காசில்லாமல் 1903-ல் கப்பலேறினார். அடுத்த ஆண்டு லில்லியும் பிள்ளைகளும் கிளம்பத் தயாரானார்கள். புறப்படும் நேரத்தில் மூத்தமகள் மோனாவின் மேலங்கியில் அடுப்புத் தீ பிடித்தது. பதின்மூன்று வயது. பிழைக்கவில்லை. அமெரிக்கத் துறைமுகத்தில் காத்திருந்த கானலி, வந்தவர்களில் ஒரு பிள்ளை குறைவதைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டார். இன்சூரன்ஸ் ஏஜென்ட், தையல் இயந்திரத் தொழிற்சாலை, சங்க அமைப்பாளர் என்று ஏழு ஆண்டுகள் அங்கே ஓடின. 1910-ல் திரும்பி வந்தபோது அவர் பெயரில் ஒரு புத்தகமும் வெளிவந்தது. அயர்லாந்தின் வரலாற்றை நிலத்தை இழந்தவர்களின் பக்கம் நின்று சொன்ன ‘ஐரிஷ் வரலாற்றில் உழைப்பு’ அது. பள்ளிக்கூடம் ஒழுங்காகப் பார்க்காத ஒருவர் எழுதியது என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

அப்புறம் பெல்ஃபாஸ்ட். ஜிம் லார்கின் தொடங்கியிருந்த ஐரிஷ் போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்துக்கு அங்கே அமைப்பாளராகப் போனார். 1911-ல் லினன் ஆலைகளில் புதுச் சட்டம் போட்டார்கள். வேலை நேரத்தில் பாடக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, மீறினால் அபராதம். பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தோற்கும் நிலை வந்தபோது கானலி ஒரு வழி சொன்னார்: எல்லோரும் சேர்ந்து உள்ளே போங்கள், ஒருத்தி சிரித்ததற்குத் திட்டு வாங்கினால் எல்லோரும் சிரியுங்கள், ஒருத்தியைப் பாடியதற்கு வெளியே அனுப்பினால் எல்லோரும் வெளியே வாருங்கள். அந்தப் பெண்கள் பாடிக்கொண்டே ஆலைக்குள் போனார்கள், அந்த விதிகள் செல்லாக்காசாயின. தொழிலாளி முதலாளித்துவத்தின் அடிமை, பெண் தொழிலாளி அந்த அடிமைக்கும் அடிமை என்று பின்னால் அவர் எழுதியது இந்த ஆலை வாசல்களில் நின்ற பிறகுதான்.

இப்போது மர்ஃபியிடம் வருவோம்.

1913-ல் டப்ளினைப் போல மோசமாக ஏழைகள் வாழ்ந்த நகரம் மேற்கு ஐரோப்பாவில் அதிகம் இல்லை. அயர்லாந்தை பிரிட்டனோடு இணைத்து 1800-ல் போட்ட சட்டத்துக்குப் பின் நாடாளுமன்றம் லண்டனுக்குப் போனது, பிரபுக்களும் போனார்கள். அவர்கள் விட்டுப்போன மாளிகைகள் ஒவ்வொரு அறைக்கும் ஒரு குடும்பமாக ஒண்டுக்குடித்தனங்களாயின. அந்த நேரத்தில் நடந்த அரசு விசாரணை, இருபத்தையாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள் இப்படி வாழ்வதாகவும் அவற்றில் சுமார் இருபதாயிரம் குடும்பங்களுக்கு இருப்பது ஒரே அறை என்றும் கணக்குச் சொன்னது. பலருக்கு நிரந்தர வேலை கிடையாது. காலையில் துறைமுக வாசலில் நின்றால், மேஸ்திரி கை காட்டினால்தான் அன்றைக்குச் சோறு.

லார்கினின் சங்கம் இவர்களைத்தான் சேர்த்தது. அதன் ஆயுதம் ஆதரவு வேலைநிறுத்தம். ஓரிடத்தில் தகராறு என்றால் அந்த முதலாளியின் சரக்கை வேறெங்கும் யாரும் தொடமாட்டார்கள். மர்ஃபி இதை உடைக்க முடிவெடுத்து, சங்கத்தில் இருந்தவர்களை வேலையை விட்டு நீக்கினார். ஆகஸ்ட் 26, டப்ளினில் குதிரைக் கண்காட்சி வாரம், ஊரெல்லாம் பணக்காரக் கூட்டம். காலை பத்து மணிக்குச் சற்று முன் டிராம் ஓட்டுநர்கள் வண்டிகளை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். மர்ஃபி மற்ற முதலாளிகளைத் திரட்டினார். சங்கத்தில் இல்லை, இனியும் சேரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடாதவனுக்கு வேலை இல்லை. சுமார் இருபதாயிரம் தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். அவர்களை நம்பியிருந்த குடும்பங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு.

ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. சாக்வில் தெருவில் லார்கின் பேசுவதாக அறிவித்த கூட்டத்துக்கு அரசு தடை போட்டது. லார்கின் நீளமான கோட்டும் ஒட்டுத் தாடியுமாகக் கிழட்டுப் பாதிரியார் வேஷத்தில் மர்ஃபியின் அதே இம்பீரியல் ஹோட்டலுக்குள் நுழைந்து, மாடியில் நின்று கீழே இருந்த கூட்டத்திடம் சில வார்த்தைகள் பேசினார். அவரைப் பிடித்த கையோடு போலீஸ் கூட்டத்தின் மேல் பாய்ந்தது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு மண்டை உடைந்தது. அந்த நாட்களின் தடியடியில் இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். இரண்டு நாள் கழித்து சர்ச் தெருவில் ஒண்டுக்குடித்தனக் கட்டடங்கள் இடிந்து விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். தடியும் வீடும் ஒரே வாரத்தில் கொன்றது டப்ளின் ஏழைகளுக்கு ஒரு செய்தியாகவே பட்டிருக்கும்.

கானலியை லார்கின் பேசிய அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாளே கைது செய்திருந்தார்கள். நீதிமன்றத்தில் அவர், அயர்லாந்தில் ஆங்கில அரசையே நான் ஏற்கவில்லை என்றார். மூன்று மாதச் சிறை. உள்ளே உண்ணாவிரதம் இருந்தார், ஒரு வாரத்துக்குப் பின் விட்டுவிட்டார்கள்.

சங்கத் தலைமையகமான லிபர்டி ஹாலின் கீழ்த்தளத்தில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். லார்கினின் தங்கை டெலியாவும் கான்ஸ்டன்ஸ் மார்க்கியெவிச் சீமாட்டியும் மற்றப் பெண்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் உணவுக் கப்பல் அனுப்பின. பட்டினி கிடந்த பிள்ளைகளை இங்கிலாந்துத் தொழிலாளர் வீடுகளுக்குக் கொஞ்ச காலம் அனுப்பலாம் என்ற ஏற்பாட்டை, மதம் போய்விடும் என்று சொல்லிக் கத்தோலிக்கப் பேராயர் எதிர்த்தார். பாதிரியார்கள் துறைமுகத்தில் நின்று பிள்ளைகளைத் தடுத்தார்கள். கருங்காலிகளை போலீஸ் காவலோடு கொண்டுவந்து இறக்கினார்கள். கருங்காலி ஒருவன் சுட்டதில் காயம்பட்ட ஆலிஸ் பிராடி என்ற பதினாறு வயதுப் பெண் சில நாட்களில் இறந்துபோனாள்.

குடிமக்கள் படை பிறந்தது இந்தத் தடியடிகளில்தான். 1913 நவம்பரில், போலீஸிடமிருந்து ஊர்வலங்களைக் காக்க ஹர்லிங் என்ற ஐரிஷ் விளையாட்டின் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு பயிற்சி தொடங்கினார்கள். பயிற்சி கொடுத்தவர் ஜாக் வைட், தென்னாப்பிரிக்கப் போரில் லேடிஸ்மித் முற்றுகையைத் தாங்கிய பிரிட்டிஷ் ஃபீல்டு மார்ஷலின் மகன். பின்னால் இந்தப் படையில் பெண்களும் ஆண்களைப் போலவே பொறுப்புகள் ஏற்றார்கள். கேத்லீன் லின் தலைமை மருத்துவ அதிகாரியானார்.

கஞ்சியும் காசும் அனுப்பிய பிரிட்டிஷ் சங்கங்கள், டப்ளினுக்காகத் தாங்களும் வேலைநிறுத்தம் செய்யச் சம்மதிக்கவில்லை. 1914 ஜனவரியில் ஆட்கள் ஒவ்வொருவராகத் தலைகுனிந்து வேலைக்குத் திரும்பினார்கள். ஐரிஷ் தொழிலாளிகளான நாம் மறுபடி நரகத்துக்குள் இறங்க வேண்டும், அடிமை ஓட்டுகிறவனின் சாட்டைக்கு முதுகைக் காட்ட வேண்டும், டப்ளின் தனித்து விடப்பட்டது என்று கானலி எழுதினார். அவர் எழுத்தில் இவ்வளவு கசப்பு அதற்கு முன் கிடையாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் உலகப்போர் வந்தது. போர் வந்தால் தொழிலாளர்கள் மறுப்பார்கள் என்று மாநாடு மாநாடாகத் தீர்மானம் போட்டிருந்த ஐரோப்பிய சோஷலிஸ்ட் கட்சிகளில் பெரும்பாலானவை அவரவர் நாட்டு அரசின் பின்னால் அணிவகுத்தன. அயர்லாந்திலும் நாடாளுமன்றத் தேசியவாதிகளின் தலைவர் ஜான் ரெட்மண்ட், ஐரிஷ் இளைஞர்கள் பிரிட்டனுக்காகப் போரிட வேண்டும் என்றார். லார்கின் அக்டோபரில் அமெரிக்கா போய்விட்டார். சங்கமும் படையும் கானலி பொறுப்பில் வந்தன. லிபர்டி ஹால் முகப்பில் நீளமான துணி ஒன்று தொங்கியது: ‘மன்னருக்கும் ஊழியம் செய்யோம், கைசருக்கும் செய்யோம், அயர்லாந்துக்கே செய்வோம்.’ கைசர் என்றது ஜெர்மன் பேரரசரை.

இந்த இடத்தில்தான் பலர் கானலி மாறிவிட்டார் என்கிறார்கள். 1897-ல் பச்சைக் கொடி மட்டும் போதாது என்று எழுதியவர், 1916-ல் கவிஞர்களோடும் பள்ளி ஆசிரியர்களோடும் சேர்ந்து தேசியக் கிளர்ச்சியில் செத்தது எப்படி? சோஷலிஸ்டுகளில் ஒரு பகுதி இதை வழிதவறல் என்றது. தேசியவாதிகளில் ஒரு பகுதி, கடைசியில் எங்கள் பக்கம் வந்துவிட்டார் என்றது. இரண்டுமே அரைகுறை என்பது என் முடிவு. அவர் நம்பியிருந்த இரண்டு தூண்கள், பிரிட்டிஷ் தொழிலாளர் ஒற்றுமையும் சர்வதேச சோஷலிசமும், பத்து மாதத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்துவிட்டன. எங்காவது ஓரிடத்தில் நெருப்பு மூட்டினால் ஐரோப்பா முழுதும் பிடித்துக்கொள்ளும், கடைசிச் சிம்மாசனமும் கடைசி முதலாளியின் கடன்பத்திரமும் அதில் கருகும் என்று 1914 ஆகஸ்டிலேயே எழுதினார். அயர்லாந்து அந்த ஓரிடமாக இருக்கலாம் என்பது அவர் எண்ணம். லெனின் கூட அப்புறம், ஐரிஷ் எழுச்சியை வெறும் சதிக்கலகம் என்று ஒதுக்கியவர்களுக்குப் பதில் சொல்லும்போது, அவர்கள் சற்று முந்திக்கொண்டதுதான் அவர்கள் துரதிர்ஷ்டம் என்று எழுதினார்.

1916 தொடக்கத்தில் அவர் பேச்சும் பயிற்சியும், இருநூறு பேரை வைத்துக்கொண்டு தானே தொடங்கிவிடுவார் என்று காட்டின. ரகசியமாக வேறொரு எழுச்சிக்குத் திட்டமிட்டிருந்த ஐரிஷ் குடியரசு சகோதரத்துவம் என்ற ரகசிய அமைப்புக்கு இது தலைவலி. ஜனவரி 19 அன்று கானலி திடீரென்று காணாமல் போனார். மூன்று நாள் கழித்துத் திரும்பினார். அந்த அமைப்பின் தலைவர்களான பியர்ஸ், மக் டியர்மடா, பிளங்கெட் ஆகியோருடன் பேசி முடித்து, ஈஸ்டரில் சேர்ந்து எழுவது என்று முடிவாகியிருந்தது.

ஏப்ரல் 8 அன்று தன் பத்திரிகையில் எழுதினார்: தொழிலாளரின் லட்சியம் அயர்லாந்தின் லட்சியம், அயர்லாந்தின் லட்சியம் தொழிலாளரின் லட்சியம், இரண்டையும் பிரிக்க முடியாது. அடுத்த வாரம் லிபர்டி ஹால் உச்சியில், யாழ் பொறித்த பச்சைக் கொடியையும் ஏற்றவைத்தார். சங்கத்தின் இளம்பெண் ஒருத்தி ஏற்றினாள்.

ஜெர்மனியிலிருந்து இருபதாயிரம் துப்பாக்கிகளோடு வந்த கப்பல் பிடிபட்டது. எழுச்சிக்குப் பெரும்பாலான ஆட்களைத் தரவிருந்த தேசியவாதத் தொண்டர் படையின் தலைவர் மக்நீல் கடைசி நேரத்தில் அணிவகுப்பை ரத்து செய்து பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் வரவேண்டியவர்கள் முதல் நாள் ஆயிரத்துச் சொச்சம் பேராகக் குறைந்தார்கள். ஈஸ்டர் ஞாயிறு அன்று லிபர்டி ஹாலில் குடியரசுப் பிரகடனத்தை அச்சடித்தார்கள். எழுத்துகள் போதாமல் தாளை இரண்டு பாதியாக அடிக்க வேண்டியிருந்தது. வேறு வேறு அச்செழுத்துகளைக் கலந்து ஒப்பேற்றினார்கள். அதில் ‘ஐரிஷ் ஆண்களே, ஐரிஷ் பெண்களே’ என்று விளித்ததிலும், அயர்லாந்தின் நிலம் அதன் மக்களுக்கே உரியது என்ற வரியிலும் கானலியின் கை தெரிவதாகப் பலர் சொல்வார்கள்.

திங்கள்கிழமை, ஏப்ரல் 24. கிளம்பும் முன் சங்கத் தோழர் வில்லியம் ஓபிரையனிடம், நாம் வெட்டுப்படத்தான் போகிறோம் என்றார். ஜெயிக்க வாய்ப்பே இல்லையா என்று கேட்டதற்கு, துளியும் இல்லை என்றார். கூடவே பதினைந்து வயது மகன் ராடி. கையில் டைப்ரைட்டரோடும் இடுப்பில் கைத்துப்பாக்கியோடும் செயலாளர் வினிஃப்ரெட் கார்னி.

முதலாளிகளின் அரசு முதலாளிகளின் சொத்தின் மேல் பீரங்கி வைக்காது என்று கானலி நம்பியதாகச் சொல்வார்கள். நம்பியிருந்தால் அது பெரிய தப்புக்கணக்கு. புதன்கிழமை ஹெல்கா என்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படகு ஆற்றிலிருந்து லிபர்டி ஹாலைச் சுட்டது. சாக்வில் தெரு எரிந்தது, மர்ஃபியின் கடையும் ஹோட்டலும் எரிந்தன. அந்த வாரத்தில் மொத்தம் 485 பேர் வரை இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் பொதுமக்கள், குழந்தைகள் மட்டும் நாற்பது பேர் அளவில். பெரும்பாலும் அந்த ஒண்டுக்குடித்தனங்களில் வாழ்ந்தவர்கள், அதாவது 1913-ல் கானலி யாருக்காகப் பட்டினி கிடந்தாரோ அவர்கள். அவரை நேசிக்கிறவர்கள் இந்தக் கணக்கைத் தாண்டிப் போகக் கூடாது. நானும் அதைச் சுலபமாகத் தாண்ட முடியாமல்தான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அவர் கையில் குண்டு பட்டது. யாருக்கும் சொல்லாமல் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பவும் தெருவுக்குப் போனார். இன்னொரு குண்டு தெறித்து வந்து கணுக்கால் எலும்பை நொறுக்கியது. கைகளால் ஊர்ந்து வந்தார். கைதியாக இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஒருவர் சிகிச்சை செய்தார். மறுநாள் கட்டிலோடு நகர்த்திக்கொண்டே உத்தரவு கொடுத்தார், இடையில் துப்பறியும் நாவல் படித்தார். நம் எதிர்ப்பின் மூளை இன்னமும் அவர்தான் என்று பியர்ஸ் அன்றைய அறிக்கையில் எழுதினார். சனிக்கிழமை, தெருவில் செத்துக்கொண்டிருந்த மக்களைப் பார்த்த பின் சரணடைய முடிவெடுத்தார்கள். வெள்ளைக் கொடியை எடுத்துப் போனவர் எலிசபெத் ஓஃபாரல் என்ற செவிலியர்.

மே 3-லிருந்து சுட ஆரம்பித்தார்கள். பிரிட்டிஷ் ஜெனரல் மேக்ஸ்வெல் ராணுவச் சட்டப்படி தொண்ணூறு பேருக்கு மரண தண்டனை விதிக்கவைத்து, அவர்களில் பதினைந்து பேருக்கு நாளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிறைவேற்றினார். முதலில் கிளர்ச்சிக்காரர்களைத் திட்டிய டப்ளின் மக்களின் மனம் இந்தக் காலைகளில்தான் திரும்பியது. மே 11 அன்று லண்டன் நாடாளுமன்றத்தில் ஐரிஷ் உறுப்பினர் ஜான் டில்லன், நிறுத்துங்கள் என்று கதறிப் பேசினார். ஆனால் மர்ஃபியின் இண்டிபெண்டன்ட் அதே நாட்களில், தலைவர்களில் மோசமானவர்களுக்கு இரக்கம் காட்டக் கூடாது என்று தலையங்கம் எழுதியது. டப்ளின் கோட்டை மருத்துவமனையில் உயிரோடு படுத்திருந்த முக்கியத் தலைவர் யார் என்று ஊருக்கே தெரியும். அந்தத் தலையங்கம் தனக்குத் தெரியாமல் வந்தது என்று மர்ஃபி பிறகு சொன்னார்.

மே 11 நள்ளிரவில் லில்லியையும் மகள் நோராவையும் அழைத்துவந்தார்கள். ‘உன் அழகான வாழ்க்கை, ஜேம்ஸ்’ என்று லில்லி அழுதார். நிறைவான வாழ்க்கைதானே, இது நல்ல முடிவுதானே என்று அவர் கேட்டதாக நோரா பின்னாளில் சொன்னார். மடித்த காகிதம் ஒன்றை நோராவின் கையில் நழுவவிட்டார், ராணுவ நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் அது. விடியற்காலை கில்மெய்னம் சிறைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். சுடப்போகும் சிப்பாய்களுக்காகப் பிரார்த்திப்பீர்களா என்று கூட இருந்த பாதிரியார் கேட்டார். தன் அறிவுக்கு எட்டியபடி கடமையைச் செய்யும் எல்லா மனிதருக்காகவும் பிரார்த்திக்கிறேன் என்றார். முன்னாள் சிப்பாய் சொன்ன பதில் அது. மே 12. நாற்காலி. உடலை ஆர்பர் ஹில்லில் சுண்ணாம்புக் குழியில் புதைத்தார்கள்.

1914-லேயே அவர் எழுதிய ஒன்று உண்டு: அயர்லாந்தைப் பிரித்தால் வடக்கிலும் தெற்கிலும் பிற்போக்கின் திருவிழாதான் நடக்கும், தொழிலாளர் இயக்கம் உடையும். 1920-ல் பெல்ஃபாஸ்ட் கப்பல் கட்டும் தளங்களிலிருந்து கத்தோலிக்கத் தொழிலாளர்களையும், அவர்களோடு நின்ற புராட்டஸ்டன்ட் சங்கத்துக்காரர்களையும் ஆயிரக்கணக்கில் அடித்து விரட்டினார்கள். தெற்கில் அமைந்த புது நாடு கானலியின் பெயரை ரயில் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் வைத்தது. ஒண்டுக்குடித்தனங்கள் டப்ளினில் இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தன.

ஹோட்டல் உச்சியில் ஏறிய கொடி தீயில் போகவில்லை. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் எடுத்துப் போய், பல காலம் கழித்து அது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. கிளெரிஸ் கடையை 1922-ல் திரும்பக் கட்டினார்கள். அதன் கடிகாரத்துக்குக் கீழே காத்திருக்காத டப்ளின் காதலர்கள் குறைவு. 2015 ஜூன் 12 அன்று கடை கைமாறியது. அங்கே வேலை பார்த்த சுமார் 460 பேருக்கு அன்று மாலையே வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சாமான்களை எடுத்துக்கொள்ள அரை மணி நேரம் கொடுத்தார்கள், பலர் அங்கே முப்பது நாற்பது ஆண்டுகள் வேலை செய்தவர்கள். அவர்களின் போராட்டத்தை எடுத்து நடத்திய சங்கம், லார்கினும் கானலியும் நடத்திய அதே சங்கத்தின் இன்றைய வாரிசு. அதன் அலுவலகம் இப்போதும் லிபர்டி ஹாலில்தான் இருக்கிறது, அதற்கு எதிரே ஏர்க்கொடியின் முன்னால் கானலி சிலையாக நிற்கிறார்.